மறந்த கடவுச்சொல்லும் மடிக்கணினியின் பூட்டும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடத்தப்பெற்ற ஒருநாள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இம்முகாமின் நிகழ்ச்சி நிரலில் இவ்வுரைக்கு 'மடிக்கணினியின் கடவுச்சொல் மறந்துபோனால்' என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். நாற்றங்காலைப் பற்றியும் நுண்ணீர்ப் பாசனத்தைப் பற்றியும் பேசுவதற்குரிய மேடையில் இஃதென்ன சிறு விஷயம் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை ஓர் ஊரின் குழாயடி நமக்குக் கற்பித்தது. அதனை முதலிற் சொல்லிவிட்டு, பிறகு செய்ய வேண்டியவற்றைச் சொல்லுவோம்.

மடிக்கணினி இன்று கிராமத்திற்கு அந்நியப் பொருளன்று. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக அது குடிசை வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. பள்ளிப் பிள்ளை பெற்று வந்த அக்கணினியில் தாய் மகளிர் குழுக் கணக்கை எழுதினாள். தந்தை பட்டா நகலைப் பார்த்தார். ஊராட்சி அலுவலகத்திலோ, திட்டமும் வரவு செலவும் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் இணையதளத்தின் வழியே நடைபெறுகின்றன. பேரேடுகள் இருந்த அலமாரியின் இடத்தை இச்சிறு பெட்டி பிடித்துக்கொண்டது. அலமாரியின் சாவி தொலைந்தால் ஆசாரியை அழைப்போம். இப்பெட்டியின் சாவி தொலைந்தால் யாரை அழைப்பது?

ஒரு நிமிட அறிவுரை

நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்கி வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். எந்தத் தெருவில் எந்த ஆண்டு குழாய் பதித்தார்கள், எந்த வேப்பமரத்தடியில் வால்வு புதைந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதுமை வந்தபோது, அவ்வறிவு அவரோடு போய்விடலாகாது என்று கருதிய ஊராட்சிச் செயலர், ஒரு கோடைக்காலம் முழுவதும் அவரை உடன் அழைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். ஒவ்வொரு வால்வையும் அளந்து, படமெடுத்து, வரைபடமாக்கி அலுவலக மடிக்கணினியில் சேர்த்து வைத்தார். போற்றத்தக்க பணி அது.

அடுத்த ஆண்டு அப்பெரியவர் காலமானார். சில மாதங்களில் செயலரும் வேறு ஊராட்சிக்கு மாறுதலானார். பொறுப்பை ஒப்படைக்கும் நாளன்று ரசீதுப் புத்தகங்கள் முதல் நாற்காலிகள் வரை எண்ணிக் கையொப்பமிட்டார்கள். மடிக்கணினியின் கடவுச்சொல்லை மட்டும் வாய்வழியாகச் சொல்லிச் சென்றார். புதிய செயலர் அதனை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். சீட்டு தொலைந்தது, சொல்லும் மறந்தது.

கிராம சபைக்கு இரண்டு நாள் இருக்கையில் அவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். நாம் அப்போது வேறொரு கூட்டத்தில் இருந்தோம். "கடையில் கொடுத்துத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை; பிரதி இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. கடைக்காரர் கேட்டதைச் செய்தார். கணினியை முற்றிலும் அழித்துப் புதிதாக நிறுவிக் கொடுத்தார். அன்று மாலையே அது திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அடுத்த கோடையில் கீழத்தெருக் குழாய் உடைந்தது. வால்வு எங்கே என்று தெரியவில்லை. ஐந்து இடங்களில் தோண்டினார்கள். நான்கு நாட்கள் ஆயின. அந்நான்கு நாட்களும் அத்தெருப் பெண்கள் குடங்களோடு வயற்கிணறுகளுக்கு நடந்தார்கள். நாம் அங்கே சென்றபோது ஒரு மூதாட்டி, "இந்த வால்வெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று சொன்னீர்களே, ஐயா?" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. பிழை கடைக்காரருடையதன்று, செயலருடையது மட்டுமன்று, ஒரு நிமிடத்தில் அறிவுரை வழங்கிய நம்முடையது. அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகவே ஒவ்வொரு முகாமிலும் இவ்விஷயத்தை விடாமற் பேசி வருகிறோம்.

கடவுச்சொல் என்பது யாது?

கணினிக்குக் கடவுச்சொல் என்னும் வழக்கம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் தோன்றியது. பெர்னாண்டோ கார்படோ என்னும் அறிஞரின் குழுவினர், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையை 1961-இல் செய்து காட்டினர். ஒருவருடைய கோப்பை மற்றொருவர் தொடாதிருக்க ஆளுக்கொரு சொல் தேவைப்பட்டது. அன்று அச்சொற்களை எழுதியபடியே ஒரு கோப்பில் வைத்திருந்தார்கள். 1962-இல் அங்கிருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் அக்கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்; அனைவருடைய சொற்களும் வெளிப்பட்டன. சொல்லைச் சொல்லாகவே வைப்பது ஆபத்து என்பதை உலகம் மெல்ல உணர்ந்தது.

ஆகையால் இன்றைய கணினி உங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருப்பதில்லை. தானியத்தை மாவாக அரைத்து, மாவை மட்டும் வைத்துக்கொள்வதுபோல அது செய்கிறது. நீங்கள் மீண்டும் சொல்லைத் தட்டும்போது அதனையும் அதே எந்திரத்தில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒன்றாயின் கதவு திறக்கிறது. மாவிலிருந்து தானியத்தைத் திரும்பப் பெற இயலாதல்லவா? அவ்வாறே மறந்த கடவுச்சொல்லை, "இதுதான் அது" என்று எடுத்துச் சொல்லக் கணினியாலும் இயலாது. அதனை விற்ற நிறுவனத்தாலும் இயலாது.

இங்கே ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. மீட்பது என்றால் பழைய சொல்லைக் கண்டுபிடிப்பதன்று. 'இக்கணினிக்கு உரியவர் நாமே' என்று வேறொரு வழியில் மெய்ப்பித்து, புதிய சொல்லை வைத்துக்கொள்வதே மீட்பு. அம்மெய்ப்புக்குரிய சான்றை, மறப்பதற்கு முன்னரே செய்து வைத்திருக்க வேண்டும். பத்திரப் பதிவைப் போன்றது அது. வழக்கு வந்த பிறகு பத்திரம் எழுத முடியாது.

முதலில் நிதானம்

பூட்டிக்கொண்டது என்றவுடன் ஓடாதீர்கள். மறந்துவிட்டது என்று எண்ணும் சொல் உண்மையில் மறக்காமலே இருக்கலாம்.

பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கக் கணக்கை வைத்திருந்த ஓர் உழவர் வீட்டில், "நேற்று வரை திறந்தது, இன்று திறக்கவில்லை" என்று கலங்கினார்கள். உள்ளே ஐந்து மாதக் கணக்கு இருந்தது. முறையைக் கற்ற நம் அலுவலக இளைஞர் ஒருவர் சென்று பார்த்தார். முந்தைய நாள் அவ்வீட்டு மகள் தமிழில் கடிதம் தட்டச்சு செய்திருக்கிறாள். விசைப்பலகை தமிழிலேயே நின்றுவிட்டது. கடவுச்சொல் புள்ளிகளாகவே தெரிவதால், ஆங்கில எழுத்துக்குப் பதில் தமிழ் எழுத்து விழுவதை எவரும் காணவில்லை. திரையின் கீழ் வலப்புறத்தில் மொழியைக் காட்டும் குறியைத் தொட்டு ஆங்கிலமாக மாற்றினார், திறந்துகொண்டது. கடைக்குக் கொண்டு சென்றிருந்தால் ஐந்து மாதக் கணக்கும் போயிருக்கும்.

ஆதலால் முதலில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, பெரிய எழுத்தைத் தரும் 'கேப்ஸ் லாக்' விசை அழுந்தியிருக்கிறதா? இரண்டு, எண்களுக்குரிய 'நம் லாக்' விசை மாறியிருக்கிறதா? மூன்று, விசைப்பலகை எம்மொழியில் இருக்கிறது? சொல்லைத் தட்டியபின் பெட்டியின் ஓரத்தில் கண் போன்ற குறி தோன்றினால், அதனை அழுத்திப் பிடித்தால் தட்டியது எழுத்தாகவே தெரியும். பின் எண், கைவிரல் ரேகை முதலிய வேறு வழிகளை முன்பு அமைத்திருந்தால் அவற்றாலும் நுழையலாம். கடவுச்சொல் மறந்தவர்க்குப் பின் எண் நினைவிருப்பது உண்டு.

எவ்வகைக் கணக்கு என்று அறிக

இவற்றாலும் திறவாவிடில், அக்கணினியில் உள்ள கணக்கு எவ்வகையினது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் கிராமங்களில் பெரும்பாலும் காணப்படும் விண்டோஸ் கணினிகளில் இருவகை உண்டு. நுழைவுத் திரையில் மின்னஞ்சல் முகவரி தோன்றினால் அது மைக்ரோசாப்ட் கணக்கு. வெறும் பெயர் மட்டும் தோன்றினால் அது அக்கணினிக்குள் மட்டுமே உள்ள உள்ளூர்க் கணக்காக இருக்கலாம். தெளிவாகத் தெரியவில்லையென்றால், அமைத்துக் கொடுத்தவரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

மைக்ரோசாப்ட் கணக்காயின், நுழைவுத் திரையிலேயே கடவுச்சொல்லையோ பின் எண்ணையோ மறந்துவிட்டேன் என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடர் இருக்கும். அதனைத் தொடலாம். அல்லது கைப்பேசியிலிருந்து அந்நிறுவனத்தின் இணையதளத்திற்குச் சென்றும் செய்யலாம். முன்பு பதிவு செய்த கைப்பேசிக்கோ வேறு மின்னஞ்சலுக்கோ ஒரு குறியெண் வரும். அதனை இட்டுப் புதிய சொல் அமைக்கலாம். பின்னர் மடிக்கணினியை இணையத்தோடு இணைத்து, புதிய சொல்லைத் தட்ட வேண்டும். இணையம் இல்லாவிடில் புதிய சொல் வைத்த செய்தி கணினிக்கு எட்டாது. உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு இவ்வழியில் ஒரு தீங்கும் இல்லை.

ஆனால் அந்தக் குறியெண் எந்தக் கைப்பேசிக்கு வரும்? இங்கேதான் நம் ஊர்களில் பெருந்தொல்லை. கணினி வாங்கிய அன்று, பக்கத்து நகரத்து இணைய மையத்தில் இருப்பவர் அவசரத்தில் தம் எண்ணையே இட்டு மின்னஞ்சல் தொடங்கிக் கொடுத்திருப்பார். மையம் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருக்கும். அல்லது, சலுகைக்காக நாமே சிம் அட்டையை மாற்றியிருப்போம். நெடுநாள் பயன்படுத்தாத எண் ரத்தாகிப் பிறருக்கு வழங்கப்படுவதும் உண்டு. அப்படியானால் நம் வீட்டுச் சாவி முன்பின் அறியாத ஒருவர் கையில் இருக்கிறது என்றே பொருள். ஆகவே கணினி நன்றாகத் திறந்துகொண்டிருக்கும் இன்றே, பதிவான எண் யாருடையது என்று பாருங்கள். பழைய எண்ணும் பழைய மின்னஞ்சலும் கைவசம் இல்லாத நிலையில் புதியவற்றைப் பதிந்தால், அவை நடைமுறைக்கு வர 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். நெருக்கடி வந்தபின் அந்த 30 நாட்களுக்கு எங்கே போவது?

உள்ளூர்க் கணக்காயின் வழிகள் மூன்று. விண்டோஸ் 10-இல் 2018-ஆம் ஆண்டு வந்த மேம்பாட்டிலிருந்து, கணக்குத் தொடங்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை கேட்கப்படுகிறது. தவறான சொல்லைத் தட்டினால் மீட்டமைக்கும் தொடர் தோன்றும். அவ்விடைகளைக் கொடுத்துப் புதிய சொல் வைக்கலாம். ஓர் எச்சரிக்கை: பிறந்த ஊர் எது, முதற்பள்ளி எது என்பனவற்றுக்கு உண்மையான விடை இட்டால், கிராமத்தில் அது எவருக்குத்தான் தெரியாது? வேறு சொல்லை விடையாக இட்டு, அதனைக் குறித்து வைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவது வழி, கடவுச்சொல் மீட்புப் பென்டிரைவ். கணினி திறந்திருக்கும்போது 'கண்ட்ரோல் பேனல்' வழியாக ஒரு முறை செய்து வைத்தால் போதும். அதற்குப்பின் சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அக்கணக்கிற்கு அது உதவும். அது பிறர் கையில் சிக்கினால் அவருக்கும் உதவும் என்பதால் பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, அதே கணினியில் நிர்வாகி உரிமையுள்ள மற்றொரு கணக்கு. அவர் உள்ளே நுழைந்து உங்கள் கணக்கிற்குப் புதிய சொல் வைத்துக் கொடுக்கலாம். இவ்வழியில் சில வேளை, நீங்கள் தனியே குறியாக்கம் செய்த கோப்புகளும் சேமித்து வைத்த இணையதளக் கடவுச்சொற்களும் இழக்கப்படலாம். பொதுவான கோப்புகள் இருந்தபடியே இருக்கும்.

கடைசி வழிக்கு முன் ஒரு கேள்வி

இவை எவையும் கைகொடாதபோதுதான் கணினியை மீட்டமைத்தல் என்னும் கடைசி வழி வருகிறது. நுழைவுத் திரையில் 'ஷிப்ட்' விசையை அழுத்திக்கொண்டே மறுதொடக்கம் கொடுத்தால் அதற்குரிய திரை தோன்றும். ஆனால் கணினி திறக்கும். உங்கள் கோப்பும் செயலிகளும் அழிந்துபோகும். கீழத்தெருவிற்கு நேர்ந்தது இதுவே.

எனவே எவரிடம் கணினியைக் கொடுத்தாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "உள்ளே இருக்கும் கோப்புகளைப் பிரதி எடுத்த பிறகுதானே அழிப்பீர்கள்?" என்று. வட்டு குறியாக்கம் செய்யப்படாதிருந்தால், தேர்ந்தவர் பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடக்கி, உள்ளிருக்கும் கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றித் தர முடியும். அரசு வழங்கிய பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய இயங்குதளமும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. ஒரு வாயில் அடைத்திருந்தால் மறுவாயில் வழியே சென்று கோப்புகளை எடுக்க அங்கே வாய்ப்புண்டு. ஊராட்சிச் செயலருக்கு அன்று நாம் இதைச் சொல்லியிருந்தால் வால்வு வரைபடம் பிழைத்திருக்கும்.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். கடவுச்சொல் என்பது வீட்டுக் கதவின் பூட்டு மட்டுமே. வட்டையே கழற்றி எடுப்பவனை அது தடுக்காது. பொருளை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போன்றது குறியாக்கம். விண்டோஸில் அதற்கு பிட்லாக்கர் என்று பெயர். புதிய கணினிகளிற் பல, உரியவர் அறியாமலே அவ்வாறு குறியாக்கப்பட்டிருக்கின்றன. பயனாளிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள ஊராட்சிக் கணினிக்கு இப்பாதுகாப்பு அவசியம். ஆனால் அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றுண்டு. பெரும்பாலும் அது மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி அதனைக் கேட்கும் நாளில் சாவி கிட்டாவிடில், எந்தத் தேர்ந்தவராலும் அக்கோப்புகளைப் படிக்க இயலாது. இன்றே அதனைத் தாளில் அச்சிட்டு, கணினியைவிட்டு வேறான இடத்தில் வையுங்கள்.

சில கணினிகளில், விண்டோஸ் தொடங்குமுன்பே கறுப்புத் திரையில் ஒரு சொல்லைக் கேட்கும். அது பயாஸ் கடவுச்சொல். மேற்சொன்ன வழிகள் அங்கே செல்லா. வாங்கிய ரசீதுடன் அந்நிறுவனத்தின் சேவை மையத்திற்குச் செல்லுவதே முறை. விதை வாங்கிய ரசீதை வைத்திருப்பது போல இந்த ரசீதையும் வைத்திருக்க வேண்டும்.

ஜாக்கிரதை

பூட்டிய கணினியின் முன் கலங்கி நிற்பவரைக் குறிவைத்துப் பிழைப்போர் இருக்கிறார்கள். இணையத்தில் 'உதவி எண்' என்று தேடினால் போலி எண்கள் அகப்படும். "திறந்து தருகிறோம், உங்கள் கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்பார்கள். அந்த எண்ணைச் சொன்னால், கணினியோடு வங்கிக் கணக்கும் அவர் கைக்குப் போகக்கூடும். கைப்பேசிக்கு வரும் குறியெண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள், நமக்கும் சொல்லாதீர்கள். கடவுச்சொல்லை உடைத்துத் தருவதாக இலவசமாகக் கிடைக்கும் செயலிகளிலும் திருட்டு நிரல்கள் மறைந்திருக்கலாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டா. உடனே 1930 என்னும் எண்ணை அழைத்துத் தெரிவியுங்கள்.

நாம் மற்றவர் பூட்டைத் திறக்கவும் ஆசைப்படலாகாது. பிறருடைய கடவுச்சொல்லை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ பயன்படுத்துவோருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அலுவலகத்திற்குரிய ஒழுங்கு

வீட்டுக் கணினிக்கு வழி எளிது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்து நீண்ட கடவுச்சொல்லாக வையுங்கள். ஊர்ப் பெயரும் 123-உம் சேர்ந்த சொல்லை எவரும் ஊகிப்பர். குறியீடுகளை நெருக்கமாக இட்டு மறப்பதைக் காட்டிலும், நீளமாக வைத்து நினைவிற்கொள்வது மேல். அமெரிக்க நாட்டுத் தரநிர்ணய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையும், சொல்லின் நீளத்தையே முதன்மையாகக் கொண்டது; காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்வதையும் அது கைவிட்டது. அச்சொல்லை ஒரு தாளில் எழுதி, பட்டாவும் குடும்ப அட்டையும் இருக்கும் பெட்டியில் வையுங்கள். கணினியின் மேலேயே ஒட்டி வைப்பதுதான் தவறு.

ஊராட்சிக் கணினியின் நிலை வேறு. அங்கே கடவுச்சொல் ஒரு மனிதருடைய சொத்தன்று, ஊரின் சொத்து. செயலர் மாறுவார், தலைவர் மாறுவார், உறுப்பினர் மாறுவர். ஊர் மாறாது. எனவே நாம் நம் ஒன்றியத்து ஊராட்சிகளிடம் கேட்டுக்கொண்டு, நடைமுறைப்படுத்தி வரும் ஏற்பாடு இது.

கணினியில் பணி செய்வோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருக்க வேண்டும். அவையன்றி, நிர்வாகி கணக்கு ஒன்று அன்றாடப் பணிக்குப் பயன்படாமல் தனியே இருக்க வேண்டும். அந்நிர்வாகி கணக்கின் பெயர், கடவுச்சொல், பதிவான மின்னஞ்சல், பதிவான கைப்பேசி எண், 48 இலக்க மீட்புச் சாவி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மீது தலைவரும் செயலரும் கையொப்பமிட வேண்டும். உறையை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். திறக்க நேர்ந்தால் இருவர் முன்னிலையில் திறந்து, நாளையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதி, புதிய சொல் வைத்துப் புதிய உறை இட வேண்டும். பதிவான மின்னஞ்சலும் எண்ணும் அலுவலகத்துக்குரியனவாக இருத்தல் வேண்டும். செயலரின் சொந்த எண் கூடாது.

ஒன்றை மட்டும் உறையில் இடலாகாது. பணப் பட்டுவாடாவுக்கு உரிய டிஜிட்டல் கையொப்பச் சாவியும் அதன் இரகசிய எண்ணும் அந்தந்த மனிதருக்கே உரியவை. அதனை மற்றவரிடம் தருவது, வெற்றுக் காசோலையில் கையொப்பமிட்டுத் தருவதற்கு ஒப்பாகும்.

பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில், நாற்காலிக்கும் மேசைக்கும் அடுத்த வரியாக இவ்வுறையையும் சேர்க்க வேண்டும். வாங்குபவர் ஒப்படைப்பவரின் கண் முன்பே ஒரு முறை கணினியைத் திறந்து பார்த்த பிறகுதான் கையொப்பமிட வேண்டும். வாய்ச்சொல்லை ஒப்படைப்பாகக் கொள்ளலாகாது.

இவையெல்லாம் இருந்தும் கணினி தீயிலோ வெள்ளத்திலோ பழுதாகலாம். எனவே முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி வேண்டும். எப்போது எடுப்பது என்ற ஐயம் வேண்டா. ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொரு கிராம சபைக்கும் முந்தைய நாள், தனி வட்டில் ஒரு பிரதி எடுங்கள். எடுத்த பிரதி திறக்கிறதா என்றும் பாருங்கள். திறவாத பிரதி, முளைக்காத விதை. அன்றே பதிவான கைப்பேசி எண் உயிரோடு இருக்கிறதா என்றும் சரிபார்த்துக்கொள்ளலாம். உறுப்பினர்களாகிய நீங்கள் கிராம சபையில், "பிரதி எடுத்தாயிற்றா? உறை இருக்கிறதா?" என்று இரு கேள்விகளைக் கேட்டால் போதும், எஞ்சியது தானே நடக்கும். கணினி தெரியாதவரும் கேட்கத்தக்க கேள்விகள் இவை.

கீழத்தெருவின் புதிய வரைபடம்

இழந்ததைப் பற்றிச் சொன்ன நாம், பின்னர் நடந்ததையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். நான்கு நாள் தோண்டிய பிறகு, அவ்வூர் மக்கள் நம்மைக் குறைகூறிக்கொண்டு இருந்துவிடவில்லை. குழாய் பதித்த காலத்தில் மண் வெட்டிய முதியோர் சிலர் இன்னும் இருந்தார்கள். கல்லூரியிற் படிக்கும் பிள்ளைகள் அவர்களை அழைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் ஒரு தெருவாக நடந்தார்கள். "இங்கேதான் பாறை வந்தது, குழாயைச் சற்றே வளைத்தோம்" என்று ஒருவர் சொல்வார், "இல்லை, இரண்டு அடி தள்ளி" என்று மற்றொருவர் மறுப்பார். கம்பி கொண்டு குத்திப் பார்த்து முடிவு செய்வார்கள். பழைய வரைபடத்தில் இருந்த அத்தனையும் மீளவில்லை. மேலத்தெருவில் இரண்டு வால்வுகளின் இடம் இன்றுவரை தெரியவில்லை. அவற்றை அறிந்திருந்தவர் மண்ணில் இருக்கிறார். அவர் சொல்லி வைத்ததை அழித்துவிட்டவர் நாம்.

புதிய வரைபடம் இப்போது மடிக்கணினியில் இருக்கிறது. தனி வட்டில் இருக்கிறது. தொட்டியை இயக்கும் அறையின் சுவரில் பெரிய தாளிலும் இருக்கிறது. ஊராட்சி அலமாரியில் கையொப்பமிட்ட உறையும் இருக்கிறது. சென்ற முறை செயலர் மாறியபோது, ஒப்படைப்புப் பட்டியலில் அவ்வுறை முதல் வரியாக இடம்பெற்றிருந்தது. அதனை எழுதச் சொன்னது யார் என்று விசாரித்தோம். குழாயடியில் நம்மைக் கேள்வி கேட்ட அந்த மூதாட்டிதானாம்.

அன்பர்களே! மறப்பது மனித இயல்பு, அதில் குற்றமில்லை. மறந்தாலும் திரும்பி வருவதற்குரிய வழியை முன்னரே வெட்டி வையாததே குறை. மடையை மழைக்கு முன்பு செப்பனிடுவோர் நீங்கள். இதனையும் அவ்வாறே செய்யுங்கள். இன்று வீடு சென்றதும் மடிக்கணினியைத் திறந்து, பதிவான எண் யாருடையது என்று முதலிற் பாருங்கள். அத்துணை போதும், அதிலிருந்து மற்றவை தொடரும்.